புது வீட்டு முகவரி கசியாமல் இருக்க: குடும்ப வன்முறையிலிருந்து வெளியேறும் பெண்ணுக்கு வீடு பார்த்துக் கொடுப்பது எப்படி?

என் சித்தி மகளான அக்காள், பதின்மூன்று வயது மகனையும் ஏழு வயது மகளையும் அழைத்துக்கொண்டு தென்மாவட்டம் ஒன்றிலிருந்து திருச்சிக்கு வந்தபோது, அவருக்கு வாடகை வீடு பார்க்க எங்களுக்கு ஒன்பது நாள்தான் ஆயிற்று. அந்த வீட்டின் முகவரி வெளியே போகாமல் காப்பது எப்படி என்று கற்றுக்கொள்ளத்தான் ஐந்து மாதம் பிடித்தது, அதற்குள் ஒரு வீட்டை இழக்கவும் நேர்ந்தது. அக்காள், தங்கை, தோழி என்று யாருக்கேனும் இப்படி உதவ வேண்டிய நிலை முதன்முறையாக வந்தவர்களுக்காக, நாங்கள் செய்ததையும் செய்திருக்க வேண்டியதையும் எழுதுகிறேன். காவல் நிலையத்தில் புகார் கொடுப்பது, விவாகரத்து ஆகியவை பற்றி வேறு பலர் எழுதியிருப்பதால் அவற்றுக்குள் போகவில்லை. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 112, இல்லையென்றால் மகளிர் உதவி எண் 181.

படி 1: வெளியேறத்தான் வேண்டுமா என்று முதலில் கேளுங்கள்

வீடு புருஷன் பேரில், மாமனார் பேரில் இருக்கிறது, அதனால் நமக்கு அங்கே உரிமை இல்லை என்று நம்பியே பெரும்பாலான பெண்கள் பையைத் தூக்குகிறார்கள். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005 அப்படிச் சொல்லவில்லை. அதன் 17ஆம் பிரிவின்படி, கூட்டாக வாழ்ந்த வீட்டில் பெயர் யாருடையதாக இருந்தாலும் அந்தப் பெண்ணுக்கு வசிக்கும் உரிமை உண்டு. மாமனார் பெயரில் உள்ள வீட்டுக்கு இது பொருந்தாது என்று 2006ஆம் ஆண்டின் தீர்ப்பு ஒன்றைக் காட்டி வாதிட்டு வந்தார்கள். அந்தத் தீர்ப்பு தவறு என்று உச்ச நீதிமன்றமே 2020 அக்டோபரில் சதீஷ் சந்தர் அஹுஜா வழக்கில் கூறிவிட்டது. 19ஆம் பிரிவின் கீழ் நீதித்துறை நடுவர் வழங்கும் வசிப்பிட உத்தரவு, அவரை வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது என்று தடுக்கலாம். கணவரையே வெளியேறச் சொல்லலாம். அல்லது அதே தரத்தில் வேறு வீடு பார்த்துக் கொடுக்கவோ அதற்கு வாடகை செலுத்தவோ கணவருக்கு ஆணையிடலாம்.

எங்கள் அக்காளுக்கு அந்த வீட்டில் இருப்பது பாதுகாப்பில்லை என்பதால் வெளியேறினோம். ஆனால் வெளியேறியதால் உரிமை போய்விடுவதில்லை என்பதைப் புறப்படுவதற்கு முன்பே அவரிடம் சொல்லியிருந்தால், அந்த இரவில் அவர் அவ்வளவு அழுதிருக்க மாட்டார் என்று இன்றும் நினைக்கிறேன்.

படி 2: புறப்படுவதற்கு முன்

ஆதார், குடும்ப அட்டை, திருமணச் சான்று, குழந்தைகளின் பிறப்புச் சான்று, வங்கிப் புத்தகம், மருத்துவமனைச் சீட்டு ஆகியவற்றின் நகல்களை ஒரு கட்டாகக் கட்டி நம்பிக்கையான ஓரிடத்தில் சேர்த்துவிடுங்கள். நகைகளும் சீர்ப்பொருட்களும் பின்னால் வரட்டும், அவற்றைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லவும் அதே 19ஆம் பிரிவில் இடமுண்டு.

கைப்பேசியைப் பொறுத்தவரை என் கருத்து கறாரானது. பழைய கைப்பேசியை அணைத்துவிட்டு, ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் பட்டன் போன் ஒன்றைப் புதிய சிம்முடன் வாங்கிக் கொடுங்கள். அமைப்புகளுக்குள் போய் இருப்பிடப் பகிர்வை நிறுத்தினால் போதாதா என்று கேட்பவர்கள், அந்தக் கூகுள் கணக்கைத் திறந்து கொடுத்தது யார் என்பதை யோசிக்க வேண்டும். பையனின் கைப்பேசிக்கும் இதே விதி. அவன் முகத்தைச் சுளித்தான், பரவாயில்லை.

படி 3: முதல் சில இரவுகள்

ஒவ்வொரு மாவட்டத்திலும் சகி என்று அழைக்கப்படும் ஒருங்கிணைந்த சேவை மையம் உண்டு. இரவிலும் திறந்திருக்கும், ஐந்து நாள் வரை தங்கலாம், மருத்துவ உதவி, ஆலோசனை, சட்ட உதவி ஆகியவற்றுக்கும் அங்கிருந்தே வழி செய்து கொடுப்பார்கள். அதற்கு மேல் தங்க வேண்டுமென்றால், முன்பு சுவாதார் என்றும் இப்போது சக்தி சதன் என்றும் அழைக்கப்படும் காப்பகங்கள் இருக்கின்றன. ‘முதலில் புகார் கொடுத்துவிட்டு வாருங்கள்’ என்று யாரேனும் திருப்பி அனுப்பினால் தயங்காமல் மறுத்துப் பேசுங்கள்: குடும்ப நிகழ்வு அறிக்கை (நடந்த வன்முறையைப் பதிவு செய்யும் அறிக்கை) பதிவாகவில்லை என்பதைக் காரணமாக வைத்துக் காப்பகம் இடம் மறுக்கக் கூடாது என்று சட்டத்தின் விதிகளிலேயே இருக்கிறது. அவர் அங்கே தங்கியிருப்பதை எதிர்த்தரப்புக்குத் தெரிவிக்கக் கூடாது என்று அவரே கேட்டுக்கொள்ளவும் அதே விதிகளில் வழியுண்டு. அதை எழுத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

ஆண் குழந்தைக்கு வயது வரம்பு உண்டு என்பது எங்களுக்குத் தெரியாது. வாசல் வரை போன பிறகுதான் பதின்மூன்று வயதுப் பையனை உள்ளே தங்கவைக்க முடியாது என்றார்கள். தாயையும் மகளையும் உள்ளே விட்டுவிட்டு அவனை என் வீட்டுக்கு அழைத்து வந்தேன். அன்றிரவு முழுவதும் அவன் செருப்பைக் கழற்றாமலே கூடத்தில் உட்கார்ந்திருந்தான். உங்களோடு வருபவருக்கு வளர்ந்த மகன் இருந்தால் 181இல் பேசும்போதே வயதைச் சொல்லி, எங்கே சேர்ந்து தங்கலாம் என்று கேட்டுவிடுங்கள்.

குழந்தைகள் இல்லாத, வேலைக்குப் போகும் பெண்ணாக இருந்தால், தனி வீட்டைவிட அரசின் தோழி விடுதிகளையே நான் பரிந்துரைப்பேன். தாம்பரம், கூடுவாஞ்சேரி, திருச்சி உள்ளிட்ட இடங்களில் இருக்கின்றன. வாசலில் காவலாளி இருக்கும் கட்டடத்துக்கு ஈடாக எந்தப் பூட்டையும் சொல்ல முடியாது.

படி 4: மனு

மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார். குடும்ப நிகழ்வு அறிக்கையை அவர் தயாரித்து நீதித்துறை நடுவருக்கு அனுப்புவார்; கட்டணம் இல்லை. வழக்கறிஞருக்கு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், எண் 15100. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. மனுவின் முதல் விசாரணை சாதாரணமாக மூன்று நாட்களுக்குள் இருக்க வேண்டும் என்பதும் அறுபது நாட்களுக்குள் முடிக்க முயல வேண்டும் என்பதும் சட்டத்தில் உள்ளவை. நடப்பில் அதைவிட நீளும் என்பதால், 23ஆம் பிரிவின் கீழ் இடைக்கால உத்தரவையும், வாடகைக்கான தொகையையும் முதல் நாளே சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள். வன்முறையைத் தடுக்கும் பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறையோ இருபதாயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம்.

மனுவின் நகல் கணவர் கைக்குப் போகும் என்பதை மறக்க வேண்டாம். தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலும் மனுச் செய்யலாம் என்று 27ஆம் பிரிவு சொன்னாலும், ஊர்ப் பெயரே தெரியக் கூடாது என்று நாங்கள் பழைய மாவட்டத்திலேயே மனுச் செய்தோம். தகவல் தொடர்புக்கு வழக்கறிஞரின் முகவரியைக் கொடுத்தோம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் விடியற்காலைப் பேருந்தில் போய், முடிந்ததும் வழக்கறிஞர் அலுவலகத்தில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் பின்வாசல் வழியாகப் பேருந்து நிலையம் சென்றோம். இவ்வளவு செய்தும் அத்தனையும் ஒரு கிலோ சர்க்கரையில் கரைந்துபோயிற்று. அதைப் படி 6இல் சொல்கிறேன்.

படி 5: வாடகை வீடு

புரோக்கரிடம் போகாதீர்கள். ‘வீட்டுக்காரர் எங்கே வேலை பார்க்கிறார்?’ என்ற கேள்வியை ஐந்து தெருக்களில் ஐந்து பேர் கேட்டபின், கடைசியில் வீடு கிடைத்தது மகளிர் குழுவில் இருந்த ஓர் அம்மாள் மூலமாகத்தான். கீழே வீட்டு உரிமையாளர், மேலே நாம் என்று அமையும் மாடி வீடே நல்லது. தனித்த தரைத்தள வீடு எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். உரிமையாளரிடம் எவ்வளவு சொல்வது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. அக்காள் எதையும் சொல்ல வேண்டாம் என்றார். நான், கீழ்வீட்டில் பெரியவரான அம்மாளிடம் மட்டும், ‘இவர் கணவர் தேடி வந்தால் இங்கே அப்படி யாரும் இல்லை என்று சொல்லுங்கள், எனக்கு உடனே போன் செய்யுங்கள்’ என்று சொல்லிவிட்டேன். சொன்னதுதான் சரி என்று பின்னால் தெரிந்தது.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தின்படி அதை வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்ய வேண்டும். முன்பணத்துக்கு அந்தச் சட்டம் வைத்திருக்கும் அளவு மூன்று மாத வாடகை. பத்து மாதம் கேட்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், இறங்கி வருவார்கள்.

படி 6: குடும்ப அட்டை (இங்கேதான் நான் தவறினேன்)

வந்த இரண்டாவது மாதம், கையில் பணம் குறைந்தபோது, எந்த ஊர்க் கடையிலும் பொருள் வாங்கலாமே என்று யோசனை சொன்னது நான்தான். அக்காளின் கையில் பழைய ஸ்மார்ட் அட்டை இருந்தது. கைரேகை வைத்தார், பொருந்தியது. அரிசியும் சர்க்கரையும் பாமாயிலும் வாங்கி வந்தார். ஒவ்வொரு முறை பொருள் வாங்கும்போதும், அட்டையில் பதிவாகியிருக்கும் கைப்பேசி எண்ணுக்குக் குறுஞ்செய்தி போகும் என்பது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்ததே. அந்த எண் யாருடையது என்று மட்டும் நான் யோசிக்கவில்லை. அன்று மாலையே அத்தானிடமிருந்து எனக்கு அழைப்பு வந்தது: ‘சர்க்கரை எல்லாம் வாங்கியாச்சு போல?’ தம் ஊரிலேயே விசாரித்து, எந்த ஊர், எந்தப் பகுதி என்பதை நான்கே நாளில் தெரிந்துகொண்டு தெருவுக்கு வந்துவிட்டார். கீழ்வீட்டு அம்மாள் அப்படி யாரும் இல்லை என்று சொல்லி எனக்குப் போன் செய்ததால் தப்பினோம். ஆனால் அந்த வீட்டைக் காலி செய்ய வேண்டியதாயிற்று.

ஆகவே பழைய அட்டையைத் தொடவே வேண்டாம். அந்த அட்டையிலிருந்து பெயரை நீக்கிப் புதிய அட்டைக்கு விண்ணப்பிக்கும் வரை பொருளை வெளியில் வாங்குங்கள். வட்ட வழங்கல் அலுவலரை நேரில் சந்தித்து, பாதுகாப்பு அலுவலரின் கடிதத்தையும் நடுவரின் உத்தரவையும் காட்டிப் பேசுவது, இணையத்தில் மட்டும் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பதைவிடப் பயன் தந்தது.

இதே கண்ணோடு மற்றவற்றையும் பாருங்கள்: அழைப்போ குறுஞ்செய்தியோ யாருடைய எண்ணுக்குப் போகிறது? ஆதாரில் உள்ள எண்ணை, மையத்துக்கு நேரில் போய் முதல் வாரத்திலேயே மாற்றிவிடுங்கள், முகவரியை அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். புதிய வங்கிக் கணக்கை வேறொரு வங்கியில் தொடங்கி ஆதாரை அதனுடன் இணைத்தால், அரசு உதவித் தொகைகள் அந்தக் கணக்குக்கே வரும். எரிவாயு இணைப்பைப் பழைய பெயரிலிருந்து மாற்ற முயலாமல் புதிதாக வாங்குங்கள்.

படி 7: பள்ளி

அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ எட்டாம் வகுப்பு வரை, மாற்றுச் சான்றிதழ் தாமதமாகிறது என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. பழைய பள்ளியில், எமிஸ் (மாணவர் விவரங்களுக்கான அரசின் இணையப் பதிவு) பொதுப் பட்டியலுக்குப் பிள்ளையை விடுவிக்கச் சொன்னால் போதும். எந்தப் பள்ளியில் சேர்க்கிறோம் என்று சொல்லவேண்டிய கட்டாயமில்லை. புதிய தலைமை ஆசிரியரிடம், தாயைத் தவிர வேறு யாரிடமும் பிள்ளையை அனுப்பக் கூடாது என்று எழுதிக் கொடுங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், வீட்டில் விட்டு வந்த தையல் இயந்திரத்தை எடுக்கத் தனியாகப் போகலாமா என்று கேட்டிருந்தார். போக வேண்டாம். உத்தரவைச் செயல்படுத்த உதவும்படி காவல் நிலையத்துக்கு ஆணையிட நடுவருக்கு அதிகாரம் உண்டு, அதை மனுவிலேயே கேளுங்கள். எங்கள் அக்காளின் இயந்திரம் ஒரு பெண் காவலர் உடன் வர, வாடகை ஆட்டோவில் வந்து சேர்ந்தது. ஓட்டுநரிடம் வீட்டு முகவரியைச் சொல்லாமல் அடுத்த தெருவின் முனையில் இறக்கிக்கொண்டு, பையனும் நானும் இருபுறமும் பிடித்துத் தூக்கி வந்தோம். பாதி வழியில் பையன் செருப்பைக் கழற்றிக் கையில் மாட்டிக்கொண்டான்.