பிரிண்டரைப் பிடுங்கியும் பதில் வந்த முகவரி

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீஸ். கரண்ட் போய் வந்தாலே பில் பிரிண்டர் ‘ஆஃப்லைன்’ ஆகிவிடும். கேபிள் மாற்றியாச்சு, நெட்வொர்க் சுவிட்சில் போர்ட் மாற்றியாச்சு, டிரைவரையும் இரண்டு முறை அழித்துப் போட்டாச்சு. மூன்று நாள் வீண்.

பிரிண்டரின் பவர் ஒயரைப் பிடுங்கிவிட்டு, அதன் ஐ.பி. முகவரியான (நெட்வொர்க்கில் அதற்குள்ள எண்) 192.168.1.50-க்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) அடித்தபோதுதான் பிடிபட்டது: பதில் வந்தது! எந்த ஐ.பி. எந்தக் கருவியுடையது என்று கம்ப்யூட்டர் வைத்திருக்கும் ஆர்ப் பட்டியலில் அந்த ஐ.பி.க்கு நேரே இருந்த மேக் முகவரி (கருவியின் சொந்த அடையாள எண்), பிரிண்டர் ஸ்டிக்கரில் உள்ளதல்ல. தயாரிப்பாளரைக் காட்டும் முதல் ஆறு எழுத்துகளே வேறு. தேடிப் போனால், கேட் பக்கத்து வருகைப்பதிவுக் கைரேகை மெஷின். அதில் அதே 50-ஐ (முகவரியின் கடைசி எண்) யாரோ கையால் போட்டிருந்தார்கள். கரண்ட் வந்ததும் அது மெதுவாகத்தான் எழும். அதற்குள் ரவுட்டர் அதே எண்ணைப் பிரிண்டருக்குக் கொடுத்துவிடும். இரண்டுக்கும் ஒரே முகவரி என்பதால் மோதல்.

மெஷினை 192.168.1.20-க்கு மாற்றினேன். ரவுட்டர் தானாக முகவரி கொடுக்கும் டி.ஹெச்.சி.பி. எல்லையை 100 முதல் 200 வரை வைத்து, பிரிண்டரின் மேக்கைக் கொடுத்து 150-ஐ அதற்கு மட்டும் ரிசர்வ் செய்தேன்.

பலரும் விடுவது இதைத்தான்: விண்டோஸில் பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ், போர்ட்ஸ் பகுதியில் பழைய 50 அப்படியே நிற்கும். அதையும் 150 ஆக்க வேண்டும். வருகைப்பதிவு சாஃப்ட்வேரிலும் 20 என்று மாற்றுங்கள். இல்லையென்றால் பஞ்ச் விவரம் இறங்காது.