மரக்கன்றுக்கு முன்னால் மீட்டரைப் பாருங்கள்

பள்ளியில் சுற்றுச்சூழல் திட்டம் என்றதும் மூன்று யோசனைகள்தான் வரிசையாக வரும்: ஓவியப் போட்டி, ஊர்வலம், மரக்கன்று நடுவது. மூன்றும் நல்லவைதான், புகைப்படத்துக்கும் நன்றாக இருக்கும். ஆனால் அடுத்த மாதம் தண்ணீர் மீட்டரும் மாறியிருக்காது, குப்பையின் எடையும் மாறியிருக்காது. நான் அறிவியல் ஆசிரியர். மாணவர்கள் திட்டம் என்று வந்து நின்றால் முதலில் கேட்பது இதுதான்: "எதைக் குறைக்கப் போறீங்க? குறைஞ்சதுன்னு எதை வெச்சுச் சொல்லுவீங்க?" பதிலில் ஓர் எண்ணும் அலகும் வராதவரை எனக்கு அது திட்டமாகத் தெரியாது.

ஒரு பருவத்துக்கு ஒன்றே ஒன்றை எடுங்கள். தண்ணீர், மின்சாரம், காகிதம், சாப்பாட்டு மிச்சம், வாசலில் வாகனப் புகை, ஆய்வக இரசாயனம், இவற்றில் எது வேண்டுமானாலும் சரி. எதை எடுப்பது என்று தெரியாவிட்டால் தண்ணீர். அதற்கான கருவிகள் கையிலேயே இருக்கின்றன: ஒரு வாளி, ஓர் அளவுக் குவளை, நேரம் பார்க்க ஒரு கைபேசி.

அளக்கப் போகும் முன் துப்புரவு வேலை செய்யும் அக்காவிடமும் காவலாளி அண்ணனிடமும் மாணவர்கள் போய் உட்கார்ந்து பேசட்டும். எந்தக் குழாய் நெடுநாளாகச் சொட்டுகிறது, எந்த அறையில் மின்விசிறி மாலை வரை தனியாகச் சுற்றுகிறது என்பதெல்லாம் தலைமையாசிரியரை விட அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். இன்னொரு கேள்வியையும் கேட்கச் சொல்வேன்: "அக்கா, நாங்க இதைச் செஞ்சா உங்களுக்கு வேலை கூடுமா?" குப்பையைப் பிரிக்கிறோம் என்று நான்கு வண்ணத் தொட்டிகளை வைத்துவிட்டு, பிரிக்கும் வேலையை அவர் தலையில் கட்டிய திட்டங்கள் எத்தனையோ. அவை ஒரு பருவம்கூடத் தாங்காது. தாங்கவும் கூடாது.

சரி, தண்ணீருக்கு வருவோம். மாலையில் எல்லோரும் போன பிறகு ஒரு தடவை, காலையில் முதல் குழாயைத் திறக்கும் முன் ஒரு தடவை மீட்டர் எண்ணைக் குறிக்க வேண்டும். நடுவில் யாரும் தண்ணீரைத் தொடவில்லை, ஆனாலும் எண் ஏறியிருக்கிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது. ஒரு எச்சரிக்கை: இரவில் மேல்தொட்டி நிரம்பிக்கொண்டிருந்தால் கணக்கு தப்பாகிவிடும், அதனால் தொட்டி நிரம்பிய பிறகே முதல் எண்ணை எடுங்கள். மீட்டரே இல்லாத பள்ளியில், உள்ளே வரும் குழாயை மூடிவிட்டு, தொட்டியின் நீர்மட்டம் இரவில் எவ்வளவு இறங்கியது என்று பார்க்கலாம். 1 மீட்டர் நீளமும் 1 மீட்டர் அகலமும் உள்ள தொட்டியில் 1 சென்டிமீட்டர் இறங்கினால் 10 லிட்டர் போயிருக்கிறது. தொட்டி மேல் ஏறுவது பணியாளர் வேலை, மாணவர்கள் கீழே நின்று எண்ணை எழுதினால் போதும்.

அப்புறம் ஒழுகலைத் தேட வேண்டும். சொட்டும் குழாயின் கீழே குவளையை வைத்து 10 நிமிடம் விடுங்கள். 100 மில்லிலிட்டர் சேர்ந்தால் ஒரு நாளைக்கு 14.4 லிட்டர். இந்தப் பெருக்கலை ஆறாம் வகுப்பு மாணவரே போடட்டும், நீங்கள் சொல்லிவிடாதீர்கள். கழிப்பறை ஃப்ளஷ் தொட்டியின் கசிவு சத்தமே போடாது. தொட்டி நீரில் கொஞ்சம் உணவுச் சாயத்தை விட்டு அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் இருந்து பாருங்கள். கீழே கிண்ணத்தில் நிறம் தெரிந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் மூடி சரியாக அடைக்கவில்லை. ஒழுகாத குழாயையும் விட வேண்டாம்: 1 லிட்டர் குவளை 5 நொடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 12 லிட்டர். கை கழுவ அவ்வளவு தேவையில்லை. நுனியில் ஏரேட்டர் (தண்ணீரோடு காற்றைக் கலந்து விடும் சிறு மூடி) மாட்டினால் பாதியாகக் குறைக்கலாம், கழுவுகிறவருக்கு வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது.

பல திட்டங்கள் இந்த இடத்தில்தான் நின்றுபோகின்றன. ஒழுகலைக் கண்டுபிடித்தாயிற்று, யார் சரிசெய்வது? "பள்ளியில் குழாய்கள் ஒழுகுகின்றன, ஆவன செய்யவும்" என்று மனு எழுதினால் அது கோப்புக்குள் போய்விடும். "மாடிப்படிக்குக் கீழே இரண்டாவது குழாய், ஒரு நாளைக்கு 14.4 லிட்டர், வாஷர் மாற்ற வேண்டும்" என்று எழுதி, அதிகம் ஒழுகுவதை மேலே வைத்துப் பட்டியலாகக் கொடுங்கள். பிளம்பர் வரும் நாளில் தாளை அவர் கையிலேயே கொடுத்துவிடலாம். அவர் வேலை செய்யும்போது நான்கு மாணவர்கள் கூட நின்று பார்க்கட்டும். வாஷர் என்ன என்று படத்தில் பார்ப்பதை விட இது மேல்.

காகிதத்துக்கு ஒரு எளிய வழி உண்டு. 80 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு 80 கிராம்) ஏ4 தாள் ஒன்று ஏறக்குறைய 5 கிராம். ஆகவே கழிவுத்தாளை எண்ண வேண்டாம், நிறுத்தால் போதும்: 1 கிலோ என்றால் 200 தாள். அதில் ஒரு பக்கம் மட்டும் எழுதியவை எத்தனை என்று தனியாக எடுத்தால், பிரின்டரை எப்போதும் இரு பக்கமும் அச்சிடும்படி மாற்றச் சொல்ல ஆதாரம் கிடைத்துவிடும். குப்பையைப் பிரித்து நிறுக்கும் நாளில் கையுறை போட்டு, தார்ப்பாயை விரித்து, வகுப்பறை, அலுவலகக் குப்பையை மட்டும் எடுங்கள். கழிப்பறைக் குப்பையையும் உடைந்த கண்ணாடியையும் மாணவர்கள் தொடவே கூடாது.

உரக்குழி எல்லோருக்கும் பிடிக்கும். எனக்கும்தான். ஆனால் சாப்பாடு ஏன் மிஞ்சுகிறது என்று பார்க்காமல் உரக்குழி தோண்டுவது தலைகீழ் வேலை. பரிமாறும் அளவு அதிகமா, சாப்பிட நேரம் போதவில்லையா என்று பாருங்கள். அதற்குப் பிறகும் மிஞ்சுவதை, ஈரக்கழிவு ஒரு பங்குக்குக் காய்ந்த இலை இரண்டு, மூன்று பங்கு என்று சேர்த்து மக்க விடலாம். நாற்றம் வந்தால் காய்ந்த இலை போதவில்லை என்று அர்த்தம்.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 75 வாட் மின்விசிறிகள் 10, காலியான அறைகளில் ஒரு மணி நேரம் சுற்றினால் முக்கால் யூனிட். எந்த அறையில், எந்த மணிக்கு இப்படி நடக்கிறது என்று ஒரு வாரம் குறித்தாலே வேலை பாதி முடிந்தது.

ஆய்வகத்தில் வேதியியல் ஆசிரியரின் துணை வேண்டும். கழிவும் நச்சும் குறைவாக வரும்படி வேலை செய்யும் பசுமை வேதியியலின் 12 கொள்கைகளில் முதலாவதே, கழிவை உண்டாக்கிவிட்டுச் சுத்தம் செய்வதை விட உண்டாகாமல் தடுப்பது மேல் என்பதுதான். சோதனைக் குழாயில் மில்லிலிட்டர் கணக்கில் செய்யும் பல சோதனைகளைக் குழித்தட்டில் (சிறுசிறு குழிகள் உள்ள தட்டு) சில சொட்டுகளில் செய்துவிடலாம். பாதரச வெப்பமானி இருந்தால் அது மாணவர் திட்டம் அல்ல, அதை அப்புறப்படுத்துவது பெரியவர்கள் முறைப்படி செய்ய வேண்டிய வேலை.

வாசலில் வாகனப் புகையை எடுத்தால், விலை குறைந்த தூசு உணரியை மட்டும் நம்ப வேண்டாம். காற்று திசை மாறினாலோ ஈரப்பதம் கூடினாலோ அதன் எண் தாறுமாறாக ஏறி இறங்கும். எஞ்சினை அணைக்காமல் நிற்கும் வாகனங்களை எண்ணுவது நம்பகமானது. 10 நொடிக்கு மேல் நிற்பதானால் அணைத்துவிட்டுத் திரும்பக் கிளப்புவதுதான் எரிபொருளுக்கு லாபம், அதைப் பெற்றோருக்கு எழுதி அனுப்பலாம். மாணவர்கள் ஓட்டுநர்களிடம் வாதாட வேண்டாம். ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் இருக்க, ஓரமாக நின்று எண்ணட்டும்.

எதை அளந்தாலும் முன்னும் பின்னும் ஒரே மாதிரி அளக்க வேண்டும். தேர்வு வாரத்தையும் சாதாரண வாரத்தையும் ஒப்பிட்டு "பாதியாகக் குறைத்தோம்" என்று சொல்வதில் அர்த்தமில்லை. வருகைப் பதிவையும் வேலை நாட்களையும் வைத்து, ஒரு மாணவருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு என்று வகுத்துக்கொள்ளுங்கள். முடிவு கிடைத்ததும் தலைமையாசிரியரிடம் ஒரு பேரம் பேசலாம். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 1990களில் தொடங்கிய ஒரு முறையில், பள்ளி மிச்சப்படுத்தும் மின்சார, வெப்பச் செலவில் ஒரு பாதி பள்ளிக்கே திரும்பக் கிடைத்தது. உங்கள் பள்ளியில் பாதி வேண்டாம், அடுத்த திட்டத்துக்கு வாஷரும் தராசும் வாங்கும் அளவுக்கு மாணவர்களின் சுற்றுச்சூழல் மன்றத்துக்குக் கிடைத்தால் போதும்.

கடைசியாக ஒரு நோட்டு. உயர்வகுப்பு மாணவர்கள் போய்விடுவார்கள், திட்டமும் அவர்களோடு போய்விடும். மீட்டர் எங்கே இருக்கிறது, எந்த மணிக்கு எண் எடுத்தோம், பிளம்பரை யார் கூப்பிடுவது, எது பலிக்கவில்லை என்பதையெல்லாம் அதில் எழுதி, இரண்டு வகுப்பு கீழே இருக்கும் மாணவர்களிடம் கொடுக்கச் சொல்லுங்கள். கொடுக்கும்முன் அவர்களையே ஒரு தடவை மீட்டரைப் படிக்க வையுங்கள். எண் தப்பாக வந்தால், நோட்டில் எந்த வரி புரியவில்லை என்று கேட்டு அந்த வரியைத் திருத்திவிடுங்கள்.