வில்லின் நடுவே வைக்கும் மூங்கில்: தேர்வில் நடக்கும் தவறுகள்

வீட்டிலேயே லேமினேட் வில் (மெல்லிய தகடுகளை அடுக்கி ஒட்டிய வில்) செய்ய இறங்குபவர்கள் மூங்கில் வாங்கும்போது முதலில் கேட்பது, "எது ரொம்ப உறுதி?" என்றுதான். இரண்டு பக்கமும் ஃபைபர்கிளாஸ் ஒட்டப்போகிற வில்லுக்கு இந்தக் கேள்வி அவ்வளவு உதவாது. வில் வளையும்போது முதுகுப் பக்கம் (இலக்கைப் பார்க்கும் பக்கம்) இழுபடுவதையும் வயிற்றுப் பக்கம் (எய்பவரைப் பார்க்கும் பக்கம்) நசுங்குவதையும் பெரும்பாலும் கிளாஸே தாங்கிக்கொள்ளும். அந்த இரண்டு தகடும் ஒன்றின்மேல் ஒன்று நழுவாமல் பிடித்துவைப்பதுதான் நடுப்பட்டையின் வேலை. அதற்குப் பசை நன்றாகப் பிடிக்கிற, எடை குறைந்த, ஒரே சீரான மூங்கில் போதும்.

தோலைச் சீவாமல் விடுவது, 'எது உறுதி' என்ற அந்தக் கேள்வியிலிருந்து பிறக்கும் தவறு. மூங்கிலைக் குறுக்கே அறுத்துப் பாருங்கள்: தோலை ஒட்டிக் கரும்புள்ளிகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும், உட்புறம் போகப்போக விலகி நிற்கும். அந்தப் புள்ளிகள்தான் நார். 'வலுவெல்லாம் தோலருகில்தானே' என்று நினைப்பதில் தப்பில்லை. ஜப்பானின் யூமி வில்லில் வெளிமுகங்கள் இரண்டும் மூங்கில்தான், கிளாஸ் இல்லாத இடத்தில் அந்த நாருக்கு வேலை உண்டு. ஆனால் மெழுகும் சிலிக்காவும் படிந்த தோலில் எபாக்ஸிப் பசை ஊறாது. உட்புறத்தில் நார் குறைந்த மென்மையான சோற்றுப் பகுதியோ பசை பிடித்தாலும் தானே பிய்ந்துவிடும். இரண்டையும் சீவிவிடுங்கள். சந்தேகமிருந்தால் இரு துண்டுகளை ஒட்டி, பசை நன்றாக இறுகியபின் உளியால் நெம்புங்கள். நார் கிழிந்து வந்தால் சரி. பளபளவென்று வழுவழுப்பாகப் பிரிந்தால் அந்தப் பரப்பு உதவாது.

தரைக்குப் போடும் மூங்கில் பலகையை அறுத்துப் பயன்படுத்துவது நல்ல யோசனைதான், பலகையின் முனையைப் பார்த்து வாங்கினால். பட்டைகளைப் படுக்கவைத்து அடுக்கிய பலகையை மெல்லிய தகடுகளாக அறுத்தால், ஒரு தகட்டில் வெறும் நார், இன்னொன்றில் வெறும் சோறு, நடுவே எங்கோ பழைய பசைக்கோடு என்று வரும். பட்டைகளை நிறுத்திவைத்து ஒட்டியதை வாங்குங்கள். எந்த இடத்தில் அறுத்தாலும் தகட்டில் நாரும் சோறும் ஒரே விகிதத்தில் இருக்கும். காபி நிறப் பலகை நீராவியில் வேகவைத்தது, வெளிர் நிறத்தைவிட வலு குறைவு. நாரை நசுக்கிப் பசையில் அழுத்திய 'ஸ்ட்ராண்ட்' வகை இரும்பாய்க் கனக்கும், வில்லின் கைக்கு (பிடிக்கு மேலும் கீழும் வளையும் பகுதிக்கு) வேண்டாம். மேற்பூச்சில் அலுமினியம் ஆக்சைடு கலந்திருந்தால் இழைப்புளி பிளேடு வீணாகும். அதை முதலில் தேய்த்து எடுத்துவிடுங்கள்.

தோப்பிலிருந்து வெட்டுவதானால் மூன்று வயதுக்கு மேற்பட்ட கழி வேண்டும். இளசு காயும்போது சுருங்கும், சீக்கிரம் உளுக்கும். தேய்பிறையில் வெட்டினால் உளுக்காது என்பார்கள். நான் கழியின் வயதைத்தான் பார்ப்பேன். பிளாச்சுகளை நிழலில் காயவைத்து அவ்வப்போது நிறுத்துப் பாருங்கள், எடை இறங்குவது நிற்கும்வரை ஒட்டாதீர்கள்.

கடைசியாகத் தடிமன். வில்லின் விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும்: 10 சதவீதம் தடித்தால் ஏறக்குறைய 33 சதவீதம் விறைக்கும். மேல்கைக்கும் கீழ்கைக்கும் ஒரே பலகையின் அடுத்தடுத்த தகடுகளை எடுத்து, வெர்னியர் அளவியால் பல இடங்களில் அளந்தபின் பசையைக் கலக்குங்கள்.