ஸ்பென்சர் பிளாசாவுக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை அண்ணா சாலையிலுள்ள ஸ்பென்சர் பிளாசாவுக்கு முதன்முறையாக வருகிறவர்களில் சிலர், பழைய புகைப்படங்களில் கண்ட செங்கல் கட்டடம் இன்னும் அங்கே இருக்கும் என்று நம்பி வந்து ஏமாந்துபோகிறார்கள். கட்டடக் கலைஞர் டபிள்யூ. என். போக்சன், இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பியக் கூறுகள் கலந்த இந்தோ-சாரசெனிக் பாணியில் வடிவமைக்க, 1890-களில் மவுண்ட் ரோட்டில் (அண்ணா சாலையின் பழைய பெயர்) எழும்பிய அந்தக் கட்டடம் 1983-இல் தீக்கிரையாகிவிட்டது. இப்போதுள்ளது அதே மனையில் பின்னர் கட்டப்பட்ட வணிக வளாகம். பழமையைத் தேடுபவர்கள் அதே சாலையில் இருக்கும், 1844-இல் தொடங்கப்பட்ட ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடைக்கும் ஒரு நடை போய்வரலாம்.

அடுத்த தவறு, இதைப் புதிய மால்களோடு ஒப்பிட்டு முகம் சுளிப்பது. என் பார்வையில் இது கூரை வேய்ந்த கடைத்தெரு. சிறு கடைகள் நெருங்கி நிற்கும் இடம். ‘ஃபேஸ்’ எனப்படும் மூன்று பகுதிகளும் உள்ளுக்குள் இணைந்திருப்பதால், எந்த ஃபேஸில் எந்தத் தளத்தில் வாங்கினோம் என்று பில்லிலேயே குறித்துக்கொள்ளாதவர்கள், பொருளை மாற்ற வரும்போது கடையைக் கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் அலைய வேண்டியிருக்கும்.

காஷ்மீர் சால்வை வாங்குவதில்தான் தவறுகள் அதிகம். மோதிரத்துக்குள் நுழைந்துவிட்டால் அது பஷ்மினா, அதாவது மலை ஆட்டின் மெல்லிய உள்முடியில் நெய்த சால்வை, என்று பலரும் நம்புகிறார்கள். மரக்கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸ் இழையாலான மெல்லிய சால்வையும் அதே மோதிரத்துக்குள் வழுக்கிக்கொண்டு போகும். கடைக்காரர் சம்மதித்தால், ஓரக் குஞ்சத்திலிருந்து ஓர் இழையை எடுத்து எரித்துப் பார்க்கலாம்: கம்பளி இழை முடி கருகும் நாற்றத்தோடு பொடியாகும் சாம்பலைத் தரும், செயற்கை இழையான அக்ரிலிக் உருகிக் கெட்டியான மணிபோல இறுகும், விஸ்கோஸ் காகிதம் எரியும் வாடையோடு எரிந்துவிடும். ஆனால் இதுவும் சாதாரணக் கம்பளியையும் பஷ்மினாவையும் பிரித்துக் காட்டாது. கையால் நூற்று, கையால் நெய்த, 16 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மிகாத தடிமனுள்ள இழை கொண்ட சால்வைக்கே காஷ்மீர் பஷ்மினாவின் புவிசார் குறியீட்டு முத்திரை கிடைக்கும் என்பதால், பெரும் தொகை கொடுக்குமுன் அந்த முத்திரையைக் கேட்பதே சரி. 500 ரூபாய்க்குக் கிடைப்பது பஷ்மினா அல்ல. அழகாக இருந்தால் சால்வை என்றே வாங்குங்கள், அதில் குறையொன்றும் இல்லை.

பேரம் பேசத் தயங்குவதும், முதல் கடையிலேயே பேரத்தை முடித்துவிடுவதும் ஒரே அளவுக்கு நஷ்டம்தான். இரண்டு மூன்று கடைகளில் விலை விசாரித்த பிறகு பேசுங்கள். வாங்கும் எண்ணமில்லாமல் விலையைக் குறைக்கச் சொல்லிவிட்டு நகர்வது மட்டும் வேண்டாம். ஆட்டோ ஓட்டுநர் தாமாக முன்வந்து ஒரு கடைக்கு அழைத்துப் போகிறார் என்றால், அவருக்குரிய கமிஷன் உங்கள் பில்லில் ஏறியிருக்க வாய்ப்புண்டு.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்கள், ‘நூறாண்டுப் பழமையான சிலை’ என்று யாராவது சொன்னால் மகிழ்ந்துவிடக் கூடாது. அது உண்மையானால், 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி தனிநபர் அதை நாட்டைவிட்டுக் கொண்டுபோக முடியாது. பொய்யானால், கொடுத்த விலை வீண். புதிதாகச் செய்த சிலைதான் என்று பில்லில் தெளிவாக எழுதி வாங்குவது விமான நிலையத்தில் விளக்கம் சொல்ல உதவும். பார்வைக்குப் பழையதுபோல் இருந்தால் தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழையும் இந்தியத் தொல்லியல் துறையிடம் பெற்றுக்கொள்வது நல்லது.

காரில் வந்து அண்ணா சாலை நெரிசலில் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை, மெட்ரோவில் எல்.ஐ.சி. நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம்தான்.