மெயில் சேர்வர் மாற்றம்: திங்கட்கிழமை காலை வரும் முறைப்பாடுகள்

கந்தோரில் வேலை செய்பவர் சேர்வரைப் பார்ப்பதில்லை. அவர் பார்ப்பது கோப்புறைகளின் வரிசை, வாசித்த மடலுக்கும் வாசிக்காத மடலுக்கும் உள்ள எழுத்துத் தடிப்பு, மடலுக்கு நேரே நிற்கும் திகதி. கூரியர் என்ற மெயில் சேர்வர் மென்பொருளை எடுத்துவிட்டு டவ்கொட் என்ற இன்னொன்றைப் போட்டது அவருக்குத் தெரியாது. இந்த மூன்றில் ஒன்று மாறிவிட்டால், "தம்பி, என்ர மெயில் எல்லாம் போட்டுது" என்று போன் வரும். ஒரு மடலும் போயிராது. ஆனால் அதை அவருக்கு நம்ப வைக்க அரை நாள் வேண்டும்.

புதிதாக இந்த வேலைக்கு வரும் பெடியள், முன்பு நாங்கள் எல்லோரும் இடறிய அதே இடங்களில்தான் இடறுகிறார்கள். பக்கப் எடுப்பது, மடல் எந்தச் சேர்வருக்கு வர வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவை மாற்றுவது போன்றவற்றை யாரும் சொல்லித் தருவார்கள். அவற்றை இங்கே விட்டுவிடுகிறோம்.

மடலின் அடையாளத்தைத் தொலைப்பது

எல்லாவற்றிலும் செலவு கூடிய தவறு இதுதான். இன்றும் இது நடப்பதைப் பார்க்கக் கோபம் வருகிறது, ஏனென்றால் தவிர்க்கப் பத்து நிமிடம் போதும்.

மடலைச் சேர்வரிலிருந்து கொம்பியூட்டருக்கு இறக்கும் பொப்3 முறையில் ஓடும் கந்தோர்கள் இங்கே இன்னும் உண்டு. அவுட்லுக்கில் "சேர்வரில் ஒரு பிரதியை விட்டுவை" என்ற தெரிவு போட்டிருக்கும். எந்த மடலை ஏற்கெனவே இறக்கினோம் என்பதை அவுட்லுக் மடலின் தலைப்பை வைத்தோ அனுப்பியவரை வைத்தோ அறிவதில்லை. சேர்வர் ஒவ்வொரு மடலுக்கும் யுஐடிஎல் என்று ஒரு குறி கொடுக்கிறது. அந்தக் குறிகளை அவுட்லுக் தன் பட்டியலில் எழுதி வைத்துக்கொள்கிறது. புதிய சேர்வர் அதே மடலுக்கு வேறு குறி கொடுத்தால், அவுட்லுக்குக்கு அது புது மடல். முழுவதையும் திரும்ப இறக்கும்.

யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியில் 12 பேர் இருக்கும் ஒரு கணக்காளர் கந்தோரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 6 ஜிபி என்றால் மொத்தம் 72 ஜிபி. 20 எம்பிபிஎஸ் இணைப்பு ஒரு சொட்டும் குறையாமல் ஓடினாலும் 8 மணித்தியாலம் பிடிக்கும். காலை எட்டரைக்குத் திறந்தால் பின்னேரம் நாலரை வரை வேறெதுவும் ஓடாது. மாதாந்த டேட்டாவில் பெரும் பங்கு ஒரே நாளில் கரையும். அதைவிட மோசம், ஒவ்வொரு மடலும் இரண்டு தடவை நிற்கும்: ஒன்று வாசித்ததாக, மற்றது வாசிக்காததாக. பதில் போட்ட அடையாளம் புதியதில் இருக்காது. பழைய மடலைப் புதியதென்று நினைத்து, ஒரு வாடிக்கையாளருக்கு அதே விலைக்கணிப்பை இரண்டாம் தடவை அனுப்பிவிடுவார்கள்.

இதைப் பிறகு திருத்தலாம் என்று நினைக்க வேண்டாம். சேர்வரின் பட்டியலில் இல்லாத குறிகளை அவுட்லுக் தன் பட்டியலிலிருந்து நீக்கிவிடும். நீங்கள் இரண்டு நாள் கழித்துப் பழைய குறிகளைத் திரும்பக் கொண்டுவந்தால், மூன்றாம் தடவையும் எல்லாம் இறங்கும். ஆகவே மாற்றுவதற்கு முன்பு மட்டும்தான் இதற்கு மருந்து உண்டு.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பழைய சேர்வரின் 995 ஆம் போர்ட்டில் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற கருவி மூலம் நேரே இணைந்து, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து, யுஐடிஎல் கட்டளையைத் தட்டுங்கள். வரிசை எண்ணும் பக்கத்தில் குறியும் வரும். கூரியரில் பெரும்பாலும் 'யுஐடி' என்ற மூன்று ஆங்கில எழுத்து, ஓர் எண், ஒரு சிறுகோடு, நீண்ட இன்னோர் எண் என்று இருக்கும். டவ்கொட்டின் இயல்பான வடிவமோ 16 இலக்கப் பதினறும எண். இரண்டும் எந்தக் காலத்திலும் ஒத்துப்போகாது.

கூரியரிலிருந்து மாறுவோருக்கென்று ஒரு பேர்ள் ஸ்கிரிப்ட் இருக்கிறது. கூரியர் விட்டுச்சென்ற கோப்புகளைப் படித்து, பழைய குறிகளோடு டவ்கொட் குறிகளை வைத்திருக்கும் யுஐடிலிஸ்ட் கோப்பை எழுதித் தரும். 'கன்வேர்ட்' என்ற தெரிவு கொடுக்காமல் ஓட்டினால் எதையும் மாற்றாது, என்ன நடக்கும் என்று மட்டும் சொல்லும். முதலில் அப்படி ஓட்டுங்கள். டவ்கொட் அந்தப் பயனரின் மடல் பெட்டியை ஒரு தடவையாவது திறப்பதற்கு முன்பு இது முடிந்திருக்க வேண்டும். பிறகு புதிய சேர்வரிலும் யுஐடிஎல் தட்டி, இரண்டு பட்டியலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். மூன்று பெட்டிகளில் ஒரு வரியும் பிசகாமல் ஒத்துப்போனால் மிச்சத்தைத் தொடலாம்.

மடலைச் சேர்வரிலேயே வைத்துப் பார்க்கும் ஐமாப் ஆக்களுக்கு மடல் இரட்டிக்காது, ஆனால் கோப்புறையின் அடையாள எண்கள் இன்னும் செல்லுமா என்று காட்டும் யுஐடிவலிடிட்டி எண் மாறினால் கொம்பியூட்டரில் சேமித்ததை எல்லாம் எறிந்துவிட்டு மறுபடி இறக்கும். ஐமாப்சிங்க் என்ற கொப்பிக் கருவி மடலைக் கொண்டுபோகும், அடையாள எண்ணைக் கொண்டுபோகாது. புதியது டவ்கொட் என்றால் டவ்அட்மின் பக்கப் கட்டளையை, பழைய சேர்வரை ஐமாப் வழியாக வாசிக்கும் ஐமாப்சி மூலம் ஓட்டுங்கள். அது எண்களையும் காப்பாற்றும்.

எல்லா மடலுக்கும் இன்றைய திகதி

ஒவ்வொரு மடலையும் ஒரு கோப்பாக வைக்கும் மெயில்டிர் அமைப்பில் மடல் வந்த நேரமாக டவ்கொட் எடுப்பது கோப்பின் மாற்றத் திகதியை. சாதாரணமாகக் கொப்பி பண்ணினால் 2014 ஆம் ஆண்டு மடலும் இன்று வந்ததாகவே நிற்கும். திகதியையும் காப்பாற்றிக் கொப்பி பண்ண, ஆர்சிங்க் கட்டளையை 'ஏ' தெரிவோடு ஓட்டுங்கள். ஏற்கெனவே பிழைத்துவிட்டால், கோப்புப் பெயரின் தொடக்கத்தில் நிற்கும் எண்தான் மடல் வந்த நேரம், வினாடிக் கணக்கில். அதைக் கொண்டு டச் கட்டளையால் திகதியைத் திருத்தலாம்.

இடையில் விண்டோஸில் பாவிக்கும் ஹார்ட் டிஸ்க்கில் வைக்க வேண்டாம். வாசித்ததற்கான அடையாளம் கோப்புப் பெயரின் வாலில் முக்காற்புள்ளிக்குப் பிறகு இருக்கிறது. விண்டோஸ் அந்த முக்காற்புள்ளியை ஏற்காது.

கோப்புறைகள்

கூரியரில் எல்லாக் கோப்புறையும் இன்பொக்ஸுக்குக் கீழே, புள்ளியால் பிரிந்து நிற்கும். டவ்கொட்டில் அந்த முன்னொட்டையும் புள்ளியையும் நேம்ஸ்பேஸ் என்ற கோப்புறை அமைப்பில் அப்படியே போடாவிட்டால், பயனரின் கோப்புறைகள் பக்கப்பட்டியிலிருந்து மறையும். பயனருக்கு எந்தக் கோப்புறைகளைக் காட்டுவது என்று பட்டியலிடும் சந்தாக் கோப்பையும் பெயர் மாற்றிக் கொண்டுவர வேண்டும்.

"வரி 2023", "வங்கி" என்று தமிழில் பெயர் வைப்போர் இங்கே உண்டு. ஐமாப் இந்தப் பெயர்களைத் திரித்த யுடிஎஃப்-7 என்ற ஆங்கில எழுத்துக் குறிமுறையில் எழுதுகிறது. டிஸ்க்கில் பார்த்தால் '&' குறியும், அதையடுத்து ஆங்கிலப் பெரிய 'சி' யும், பின்னால் விளங்காத எழுத்துக்களும் இருக்கும். தமிழ் எழுத்துக்கள் யூனிகோட்டில் ஒரே தொகுதியில் இருப்பதால் எந்தத் தமிழ்ச் சொல்லும் அப்படித்தான் தொடங்கும். பிழைத்த பெயரென்று நினைத்துக் கையால் திருத்தப் போகாதீர்கள். டவ்கொட் யுடிஎஃப்-8 ஆகவும் வைக்கும், பழைய முறையிலும் வைக்கும். டிஸ்க்கில் எது இருக்கிறதோ அதற்கேற்ப அமைப்பை வையுங்கள்.

அனுப்பிய மடல்களுக்கு இரண்டு கோப்புறை தோன்றினால், அனுப்பியவை இதில்தான் என்று காட்டும் சிறப்புப் பாவனை அடையாளத்தைப் பழைய பெயருக்கே கொடுங்கள்.

கடவுச்சொல்

கடவுச்சொல்லை உருமாற்றிச் சேமித்த வடிவமான ஹாஷை அப்படியே கொண்டுபோங்கள்.

நேற்றுப் போன கோப்பு இன்று போகவில்லை

மடலை அனுப்பி வாங்கும் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பான மடல் வரம்பு 10240000 பைட். மடலோடு இணைத்த கோப்பு மடலுக்குள் போகும்போது ஏறக்குறைய 37 வீதம் ஊதும். ஆகவே 7.5 எம்பி வீட்டு வரைபடமே முட்டிக்கொள்ளும். பழைய சேர்வரின் வரம்பைப் பார்த்து அதையே போடுங்கள்.

பொதுக் கணக்கு

ஒரே 'இன்ஃபோ' கணக்கை நாலு கொம்பியூட்டரிலும் மூன்று போனிலும் போட்டிருப்பார்கள். எல்லாம் ஒரே ரூட்டரின் ஐபியால் வெளியே போகும். ஒரு பயனருக்கு ஓர் ஐபியிலிருந்து 10 இணைப்பு என்பது டவ்கொட்டின் இயல்பு வரம்பு. மெயில் பார்க்கும் தண்டர்பேர்ட் ஒன்றே 5 எடுக்கும். காலையில் ஒருவருக்குத் திறக்கும், ஒருவருக்குத் திறக்காது, பத்து நிமிடத்தில் ஆள் மாறும். கடவுச்சொல் பிழையென்று தேடி மினக்கெட வேண்டாம். வரம்பை 50 ஆக்குங்கள்.

மாலை ஆறரைக்கு மாற்றுவது

இங்கே கந்தோர் பூட்டும் நேரம் ரொறன்ரோவில் கோடைக்காலக் காலை 9 மணி. பயண முகவர்களுக்கும் காணி விற்பவர்களுக்கும் முக்கியமான மடல்கள் அப்போதுதான் வரத் தொடங்கும். ஞாயிறு அதிகாலை 5 மணியை எடுங்கள்.

ஃபோட்டோகொப்பி மெஷின்

ஸ்கான் பண்ணி மெயிலில் அனுப்பும் மெஷினை மாற்றத்துக்கு முன் யாரும் பட்டியலில் எழுதுவதில்லை. பழைய மெஷின்கள் சிலதுக்கு இணைப்பை மறைகுறியாக்கும் டிஎல்எஸ் முறையில் 1.0 க்கு மேல் தெரியாது, புதிய சேர்வர் 1.2 க்குக் கீழே ஏற்காது. அதற்காகச் சேர்வரின் வரம்பை இறக்கிவிடாதீர்கள். கந்தோருக்குள்ளே மடலை வாங்கி முன்னே அனுப்பும் ஒரு சிறிய போஸ்ட்ஃபிக்ஸ் ரிலே வைத்து, அந்த மெஷினின் உள் ஐபிக்கு மட்டும் திறந்து, அங்கிருந்து 587 ஆம் போர்ட் வழியாக அனுப்புங்கள். பழைய சேர்வரை அணைக்க முன், யார் வந்தார்கள் என்று எழுதிவைக்கும் அதன் லொக்கைப் பாருங்கள். ஏழு நாளாக யாரும் லொகின் ஆகாவிட்டால் அணைக்கலாம். ஓர் ஐபி மட்டும் நாளுக்கு நாலைந்து தடவை வந்துகொண்டிருந்தால், எழுந்து போய் அந்த மெஷினில் மடல் அனுப்பும் எஸ்எம்டிபி அமைப்பைத் திறந்து பாருங்கள்.