பைக் சீட்டுக்குக் காற்றுக் குஷன்: கட்டுவதும் காற்றை அளவாக வைப்பதும்

சென்னையிலிருந்து மதுரைக்கு பைக்கில் போகிறவர்களுக்குத் தெரியும். திண்டிவனம் வரை ஒன்றும் தெரியாது. விழுப்புரம் தாண்டியதும் உட்காரும் இடம் எரிய ஆரம்பிக்கும். திருச்சி வருவதற்குள் மரத்துப் போய்விடும். இதற்குக் காற்றுக் குஷன் நல்ல தீர்வு. ஆனால் வாங்கிய பலர் இரண்டு பயணத்தோடு அதைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். குஷன் சரியில்லாததால் அல்ல, காற்றை அதிகமாக அடித்துவிடுவதால். நானும் முதல் பயணத்தில் அப்படித்தான் செய்தேன். பந்தின் மேல் உட்கார்ந்த மாதிரி வளைவுகளில் உடம்பு ஆடியது. மேல்மருவத்தூரில் நிறுத்திக் கழற்றிப் பையில் வைத்தேன்.

சரியான அளவைச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் தெருவில் சக்கர நாற்காலி பயன்படுத்தும் ஓர் அண்ணன். அவர் உட்காருவதும் காற்றுக் குஷனில்தான். இந்தக் குஷனின் பிறந்த இடமும் அதுதான். 1970களில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த எஞ்சினியர் ராபர்ட் கிரேப், நாற்காலியில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்களுக்குப் படுக்கைப்புண் வராமல் இருக்க, சின்னச் சின்ன காற்று அறைகளை ஒன்றோடொன்று இணைத்து ஒரு குஷன் செய்தார். அவர் தொடங்கிய ரோஹோ நிறுவனம்தான் பின்னாளில் ஏர்ஹாக் என்ற பெயரில் பைக் குஷனும் கொண்டுவந்தது.

நாம் உட்காரும்போது எடையில் பெரும்பகுதி இடுப்பெலும்பின் அடியில் இருக்கும் இரண்டு முனைகளில் இறங்குகிறது. அந்த இடத்தில் ரத்த ஓட்டம் நசுங்குவதால்தான் வலியும் மரத்துப் போவதும். அறைகள் இணைந்திருந்தால், எலும்பு அழுத்தும் அறையிலிருந்து காற்று பக்கத்து அறைகளுக்கு நகரும். எடை தொடை வரை பரவிவிடும். அறைகள் முட்ட முட்டக் காற்று இருந்தால் அது நகர இடம் ஏது?

வாங்கும்போது

சதுரம் சதுரமாக அறைகள் தெரியும் குஷனாக வாங்குங்கள். ஒரே பையாக ஊதும் தலையணை வேண்டாம், பக்கவாட்டில் சரியும். நடுவில் ஓட்டை உள்ள வளையமும் வேண்டாம். அது எடையைப் பரப்பாமல் வளையத்தின் விளிம்பிலேயே ஏற்றுகிறது. சீட்டின் அகலத்தை அளந்துகொண்டு, அதைவிடக் கொஞ்சம் சிறியதாகப் பாருங்கள். குஷன் சீட்டுக்கு வெளியே நீட்டினால் தொடையில் உரசும். ஸ்பிளெண்டர் மாதிரி நீளமான சீட் என்றால் சுலபம். ஓட்டுபவருக்குத் தனி சீட் இருக்கும் வண்டியில், குஷன் பின் சீட்டின் மேட்டில் ஏறி நிற்காத நீளமாக இருக்க வேண்டும்.

கட்டுவது

காற்றில்லாத குஷனை உறைக்குள் போட்டு சீட்டின் மேல் விரியுங்கள். வால்வு இடது பக்கம், கைக்கு எட்டும் இடத்தில் வரட்டும். சீட்டைக் கழற்றி, பட்டைகளை அதன் அடிவழியாகக் கொண்டுவந்து இறுக்கி, சீட்டைத் திரும்ப மாட்டுங்கள். மிச்சமிருக்கும் பட்டை நுனியைத் தொங்கவிடவே கூடாது. செயினிலோ பின் சக்கரத்திலோ சிக்கினால் உயிருக்கே ஆபத்து. சைலன்சரில் பட்டால் உருகும். நுனிகளை மடித்து பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டிவிடுங்கள். கையால் நாலு பக்கமும் தள்ளிப் பாருங்கள், நகரக் கூடாது.

காற்று வைப்பது

நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை இதுதான். வண்டியைச் சமதரையில் சென்டர் ஸ்டாண்டு போடுங்கள். அது இல்லாத வண்டி என்றால் யாரையாவது பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பின்பாக்கெட்டில் பர்ஸ், சாவி இருந்தால் எடுத்துவிடுங்கள். குஷனில் முக்கால்வாசி காற்று ஊதி வால்வை மூடுங்கள். ஏறி உட்கார்ந்து, இரண்டு காலையும் ஃபுட்ரெஸ்ட்டில் வையுங்கள். கால் தரையில் இருக்கும்போது பார்த்தால் கணக்குத் தப்பும், ஏனென்றால் எடை வேறு மாதிரி இறங்கும்.

இப்போது வால்வை லேசாகத் திறந்து காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். உடம்பு மெதுவாக இறங்கும். எலும்பு அடி சீட்டில் இடிப்பது தெரிந்ததும் மூடிவிட்டு, ஒரே ஒரு மூச்சு திரும்ப ஊதுங்கள். எலும்புக்கும் சீட்டுக்கும் நடுவில் ஒரு விரல் தடிமன் இருந்தால் போதும். "காத்து இருக்கறதே தெரியக் கூடாது தம்பி, அப்பதான் சரியான அளவு" என்றார் அந்த அண்ணன். பார்ப்பதற்குக் குஷன் தொய்ந்து போனது போல இருக்கும். நம்பி உட்காருங்கள்.

அப்புறம் வீட்டைச் சுற்றி ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். வளைவில் இடுப்பு ஆடினால் இன்னும் கொஞ்சம் காற்றை விடுங்கள். மேட்டில் தூக்கிப் போடும்போது எலும்பு இடித்தால் அரை மூச்சு ஊதுங்கள். எதுவானாலும் வண்டியை ஓரம் நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். ஓடும் வண்டியில் வால்வைத் தொடாதீர்கள். சீட் ஓரிரு சென்டிமீட்டர் உயர்ந்திருக்கும் என்பதால் சிக்னலில் கால் ஊன்றிப் பழகிக்கொள்வதும் நல்லது, உயரம் குறைவானவர்கள் கட்டாயம்.

வெயிலும் மலையும்

டீக்கடை வாசலில் வெயிலில் நிறுத்திய வண்டியில் குஷன் உப்பியிருக்கும். சூட்டில் காற்று விரிவதுதான் காரணம். வண்டியை நிழலில் விடுங்கள், இல்லையென்றால் ஒரு துண்டைப் போட்டு மூடுங்கள்.

மலை ஏறும்போதும் இதே கதைதான். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வத்தலக்குண்டிலிருந்து மேலே போய்ச் சேர்வதற்குள் வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். அதனால் உள்ளே இருக்கும் காற்று விரிந்து குஷன் கல் போல ஆகும், அதுவும் கொண்டை ஊசி வளைவுகளில், நாம் ஆடவே கூடாத இடத்தில். பாதி வழியில் நிறுத்திக் கொஞ்சம் காற்றை விடுங்கள். இறங்கி வந்ததும் திரும்ப ஊத மறக்காதீர்கள், இல்லையென்றால் வெறும் சீட்டில் உட்கார்ந்திருப்பீர்கள்.

குஷன் இருந்தாலும் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை இறங்கி நடக்கத்தான் வேண்டும். மூலமோ முதுகுத்தண்டுப் பிரச்சினையோ இருப்பவர்கள் நீண்ட பயணத்துக்கு முன்னால் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

காற்று தானாக இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள், ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வரும். ரப்பர் குஷன் என்றால் சைக்கிள் டியூபுக்கு ஒட்டுவது போலவே சொல்யூஷன் தடவி பேட்ச் ஒட்டலாம். பிளாஸ்டிக் வகைக்கு அது பிடிக்காது, அதற்கென்று இருக்கும் பசையைத்தான் வாங்க வேண்டும்.