நிலவேம்புச் சாறு புற்றுநோய்க் கட்டியை அடக்குகிறதா? சுண்டெலிச் சோதனை, படிப்படியாக

கோலாலம்பூரில் மருந்தியல் ஆய்வு தொடங்கும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். மலாய்க்காரர்கள் ஹெம்பெடு பூமி என்று சொல்லும் நம் நிலவேம்பையே எடுத்துக்கொள்வோம்.

முதல் படி, செடி. பிரிக்ஃபீல்ட்ஸ் கடையில் விற்கும் பொடி வேண்டாம். அதில் வேறு என்ன கலந்திருக்கிறது என்று கண்ணால் சொல்ல முடியாது. பூவும் காயுமாக முழுச் செடியைப் பறித்து, மலாயா பல்கலைக்கழக ரிம்பா இல்முவில் உள்ள உலர்தாவரக் காப்பகத்தில் அடையாளம் உறுதிசெய்து மாதிரி எண் வாங்குங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் நிழலில் காயவைத்தால் பூஞ்சை பிடிக்கும். ஆய்வகத்தின் உலர்த்தும் அடுப்பில் 40 டிகிரி செல்சியஸில் உலர்த்திப் பொடியாக்குவது நல்லது.

இரண்டாவது, சாறு. ஒரு பங்கு பொடிக்குப் பத்துப் பங்கு 70% எத்தனால். மூன்று நாள் ஊறவைத்து, வடிகட்டி, ரோட்டரி எவாப்பரேட்டரில் (குடுவையைச் சுழற்றிக் குறைந்த அழுத்தத்தில் கரைப்பானை ஆவியாக்கும் கருவி) வற்றவைத்து எடை போடுங்கள். கசப்புக்குக் காரணமான ஆண்ட்ரோகிராஃபோலைடு தண்ணீரில் சரியாகக் கரையாது. அதனால் இந்தச் சாறும் வீட்டுக் கசாயமும் ஒன்றல்ல.

விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி கையில் வரும்வரை ஒரு சுண்டெலியைக்கூடத் தொடக்கூடாது. அனுமதி வந்ததும் முதலில் நச்சுச் சோதனை: ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பின் 423-ஆம் வழிமுறைப்படி மூன்று மூன்று எலிகளாக, கிலோவுக்கு 2000 மில்லிகிராம் வரை கொடுத்து 14 நாள் கவனிக்க வேண்டும்.

அப்புறம் கட்டி. எர்லிக் அசைட்டிஸ் செல்களை, அதாவது சுண்டெலியின் வயிற்று நீரில் மிதந்து வளரும் புற்றுச் செல்களை, டிரைபேன் நீலம் என்ற சாயத்தில் எண்ணுங்கள்; செத்த செல் நீலமாகும். உயிருள்ளவற்றில் 10 லட்சம் முதல் 20 லட்சம் வரை வயிற்றுக்குழியில் செலுத்தி, 24 மணி நேரம் கழித்து மருந்தைத் தொடங்குங்கள். குழுக்கள்: கட்டி இல்லாதவை, கட்டியோடு சாறு கலக்காத வெறும் கரைசல் பெறுபவை, கட்டியோடு ஃப்ளூரோயூராசில் என்ற புற்றுநோய் மருந்து 20 மில்லிகிராம் பெறுபவை, கட்டியோடு சாறு 200 மில்லிகிராம், 400 மில்லிகிராம் பெறுபவை. எல்லா அளவும் ஒரு கிலோ எடைக்கு. எந்த எலி எந்தக் குழு என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். செல்களை எண்ணுபவருக்கு அது தெரியக்கூடாது.

சாற்றை வாய்வழியாகவே கொடுங்கள் என்று அழுத்திச் சொல்வேன். செல்கள் மிதக்கும் அதே வயிற்றுக்குழியில் ஊசி போட்டால், சாறு அவற்றை நேரடியாக நனைத்துக் கொன்றுவிடலாம்; உடல் வழியாகப் போய் வேலை செய்ததா என்று தெரியாது.

எடையும் ஏமாற்றும். கட்டியால் வயிற்றில் நீர் கோத்தால் எலியின் எடை கூடும். எடை கூடாமல் இருந்தால் கட்டி அடங்கியது என்று தோன்றும். சாறு பசியைக் கெடுத்ததாலும் அப்படி ஆகலாம். தின்ற தீனியைத் தினமும் நிறுத்து எழுதுங்கள்.

மூச்சு வாங்கிச் சுருண்டு கிடக்கும் எலியைச் சாகும்வரை விட்டுவைக்கக்கூடாது. நெறிமுறைப்படி வலியின்றி முடித்துவிட வேண்டும். ஆயுள் கணக்குக்கு அந்த நாள் போதும். அதன் வேதனையில் நமக்குக் கூடுதல் தகவல் எதுவும் கிடைக்காது.

கணக்கு எளிது. கரைசல் குழு சராசரியாக 20 நாளும் சாறு குழு 27 நாளும் வாழ்ந்தால், ஆயுள் 35% கூடியிருக்கிறது. 25 சதவீதத்தைத் தாண்டினால் மேலே ஆராயலாம்.

உடனே அத்தை, மாமா கேட்பார்கள், “அப்படின்னா நாங்க எவ்வளவு குடிக்கலாம்?” எலியின் 200 மில்லிகிராமை, சுண்டெலி அளவை மனித அளவாக மாற்றும் எண்ணான 12.3-ஆல் வகுத்தால் மனிதருக்குக் கிலோவுக்கு ஏறக்குறைய 16 மில்லிகிராம் வரும். 60 கிலோ ஆளுக்கு ஒரு கிராம் சாறு. இது அடுத்த ஆய்வைத் திட்டமிடப் பயன்படும் எண், மருந்துச் சீட்டு அல்ல. கீமோ எடுப்பவர் அதை நிறுத்திவிட்டு இலைக்கு மாறினால் உயிரே போகலாம். அதனால் அறிக்கையின் முடிவு வரியிலேயே “எத்தனால் சாறு, வாய்வழி, எர்லிக் கட்டியுள்ள சுண்டெலி” என்ற மூன்றையும் சேர்த்து எழுதுங்கள்.